வீட்டில் ஒரு சேமிப்புப் பெட்டி: ஓசையும் மின்செலவும் குறைவாக

(ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து, பதினைந்து ஆண்டுகள் பணியாற்றிய எந்த ஆசிரியரிடமும் இன்று ஒரு சிறிய நூலகமே இருக்கிறது. பாடக் குறிப்புகள், நாமே தயாரித்த வினாத்தாள்கள், பயிற்சித் தாள்கள், ஆய்வகச் செயல்பாடுகளைப் படம்பிடித்த காணொளிகள், மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென்று எழுதி வைத்தவை என்று அது வளர்ந்துகொண்டே போகிறது. அந்த நூலகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால்தான் நமக்குத் தடுமாற்றம். கொஞ்சம் கைபேசியில், கொஞ்சம் பென் டிரைவில், கொஞ்சம் பழைய மடிக்கணினியில், மிச்சம் வாட்ஸ்அப் குழுவில்.

இணையத்தில் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்கலாம். ஒரு பகுதிக்குப் போதும். ஆனால் கூகுள் கணக்கில் கட்டணமின்றிக் கிடைப்பது 15 ஜி.பி. மட்டுமே. 2021 ஜூன் 1 முதல் நாம் ஏற்றும் படங்களும் காணொளிகளும் அந்த 15 ஜி.பி. கணக்கிலேயே சேர்கின்றன. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையும் 2023 டிசம்பரில் தொடங்கிவிட்டது. மாதச் சந்தா கட்டினால் இடம் கிடைக்கும். கட்டுவதை நிறுத்தினால் புதிதாக எதையும் ஏற்ற முடியாது.

இந்த இடத்தில்தான் ‘நாஸ்’ என்று சொல்லப்படும் வலையமைப்புச் சேமிப்பகம் வருகிறது. பெயர் பெரிதாக இருந்தாலும் பொருள் எளிது. ஒன்றோ இரண்டோ வட்டுகளைக் கொண்ட ஒரு சிறு பெட்டி. அதை வீட்டு ரவுட்டரோடு ஒரு கேபிளால் இணைத்துவிட்டால், வீட்டில் உள்ள எல்லாக் கைபேசிகளும் கணினிகளும் வைஃபை வழியாக அதில் கோப்புகளைப் போடலாம், எடுக்கலாம். சினாலஜி, கியூநாப், ஆசஸ்டர், டெராமாஸ்டர் போன்ற நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன. பழைய கணினியைக்கொண்டு நாமே அமைத்துக்கொள்ளவும் முடியும்.

அமைதியாக இயங்குவதும் மின்சாரம் குறைவாக எடுப்பதும் ஏன் முக்கியம்?

விளம்பரங்கள் வேகத்தைப் பற்றியே பேசும். வீட்டுக்கு வாங்கும்போது வேகம் இரண்டாம் பட்சம். இந்தப் பெட்டி நாளெல்லாம், ஆண்டெல்லாம் ஓட வேண்டியது. நம் வீடுகளில் ரவுட்டர் இருப்பது கூடத்திலோ படுக்கையறையிலோதான். அங்கேதான் பொதுத்தேர்வுக்குப் பிள்ளைகள் படிப்பார்கள். வயதான அம்மாவோ அப்பாவோ தூங்குவார்கள். இரவில் ‘உர்ர்’ என்று ஒரு பெட்டி ஓடிக்கொண்டே இருந்தால் யாராவது ஒருவர் எழுந்து சுவிட்சை அணைத்துவிடுவார். மின்கட்டணம் கூடிவிட்டது என்று தெரிந்தால் அடுத்த மாதம் அது நிரந்தரமாக அணைந்துவிடும். அணைந்த பெட்டி எதையும் பாதுகாக்காது. அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். கைபேசி தொலைந்த அன்றுதான் கடைசிப் பிரதி எட்டு மாதங்களுக்கு முந்தையது என்று தெரியவரும். ஆகவே அமைதியும் சிக்கனமும் ஆடம்பரம் என்று எண்ண வேண்டாம். பிரதி எடுக்கும் வேலை தடையில்லாமல் நடப்பதற்கு அவைதான் அடிப்படை.

முதலில் அளந்து பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுங்கள். கைபேசியில் எடுக்கும் சாதாரண முழு எச்.டி. காணொளி நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 எம்.பி. இடம் எடுக்கும். அப்படியானால் 10 நிமிடப் பாடக் காணொளி ஒன்று சுமார் 1.3 ஜி.பி. அதுபோல 100 காணொளிகள் இருந்தால் 130 ஜி.பி. படம் ஒன்றுக்கு 4 எம்.பி. என்று கொண்டால் 20,000 படங்களுக்கு 80 ஜி.பி. எழுத்துக் கோப்புகள், பி.டி.எஃப். எல்லாம் சேர்த்து 10 ஜி.பி. என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் 220 ஜி.பி. தான் வருகிறது. வீட்டில் இன்னும் இருவருடைய கைபேசிகளையும் சேர்த்துக்கொண்டாலும் 1 டெராபைட் என்பது பல குடும்பங்களுக்கு நெடுநாள் போதுமானது.

இந்தக் கணக்கு மிக முக்கியம். ஏனென்றால் தேவை 1 அல்லது 2 டெராபைட் என்றால் சுழலும் ஹார்டு டிஸ்க்கே வேண்டாம்; எஸ்.எஸ்.டி. போதும். அதில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. ஓசை அறவே இருக்காது. சும்மா இருக்கும்போது 1 வாட்டுக்கும் குறைவாகவே எடுக்கும். அளக்காமல் போனால் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 8 டெராபைட் ஹார்டு டிஸ்க்கை வாங்கி, ஆண்டு முழுவதும் அதன் இரைச்சலையும் மின்செலவையும் சுமப்போம்.

அடுத்த கேள்வி, பெட்டியே தேவையா என்பது. ஒரே ஒருவர், ஒரே ஒரு கணினி என்றால் நாஸ் தேவையில்லை. நல்ல வெளிப்புற வட்டு இரண்டு வாங்கி, வாரம் ஒருமுறை மாறி மாறிப் பிரதி எடுத்தால் போதும். வீட்டில் மூன்று, நான்கு கருவிகள் இருந்து, அவரவர் தானாக எடுத்துவைக்க மாட்டார்கள் என்றால் மட்டும் நாஸ் பயன் தரும்.

மின்சாரக் கணக்கு

நம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கணக்குதான். 1 வாட் எடுக்கும் கருவி இடைவிடாமல் ஓடினால் ஆண்டுக்கு 8.76 யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு, அதாவது 60 நாளுக்கு, 1.44 யூனிட். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் எந்தக் கருவியையும் மதிப்பிடலாம்.

பரணில் கிடக்கும் பழைய மேசைக் கணினியைச் சேமிப்பகமாக்கலாம் என்ற எண்ணம் பலருக்கு வரும். திரை இல்லாமல், வேலை எதுவும் இல்லாமல் இருக்கும்போதே அது 40 முதல் 70 வாட் வரை எடுக்கும். 70 வாட் என்று கொள்ளுங்கள். 60 நாளில் 100.8 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்று 2016-இல் அறிவிக்கப்பட்டதை அறிவீர்கள். அந்த 100 யூனிட்டையும் இந்த ஒரு கணினியே விழுங்கிவிடும். அதோடு முடிவதில்லை. நம் கட்டணம் படிப்படியாக உயர்வது. ஏற்கெனவே 420 யூனிட் ஓடும் வீட்டில் இன்னொரு 100 சேர்ந்தால் 500-ஐத் தாண்டும்; அதற்கு மேல் விகிதம் வேறு. இலவசமாகக் கிடைத்த கணினி இலவசமாக ஓடாது.

இப்போது நாஸ் பெட்டியைப் பாருங்கள். இரண்டு ஹார்டு டிஸ்க் கொண்ட வீட்டு உபயோகப் பெட்டி வேலை செய்யும்போது வழக்கமாக 15 முதல் 20 வாட் எடுக்கும். வட்டுகள் உறங்கும் நிலைக்குப் போனால் 4 முதல் 8 வாட். நாளொன்றுக்கு 4 மணி நேரம் 16 வாட், மீதி 20 மணி நேரம் 5 வாட் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளுக்கு 164 வாட்-மணி. 60 நாளுக்கு ஏறத்தாழ 10 யூனிட். பழைய கணினியின் 100 எங்கே, இந்தப் பத்து எங்கே!

யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பழைய கணினிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3,700 ரூபாய். நாஸ் பெட்டிக்கு 360 ரூபாய். ஐந்து ஆண்டு வித்தியாசம் 16,000 ரூபாய்க்கு மேல். பெட்டியின் விலையைப் பார்க்கும்போது இந்த ஐந்தாண்டு மின்செலவையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் வீட்டு விகிதத்தை 6 ரூபாய்க்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளலாம்.

தரவுத்தாளில் இரண்டு எண்கள் கொடுத்திருப்பார்கள். ஒன்று வேலை செய்யும்போது எடுப்பது. மற்றது வட்டுகள் உறங்கும்போது எடுப்பது. நம் வீட்டில் பெட்டி பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும். எனவே இரண்டாவது எண்ணுக்கே அதிக மதிப்பு. அமைப்புப் பக்கத்தில் ‘20 அல்லது 30 நிமிடம் வேலை இல்லாவிட்டால் வட்டு உறங்கட்டும்’ என்று வைத்துவிடுங்கள். 5 நிமிடம் என்று மிகக் குறைவாக வைத்தால் வட்டு அடிக்கடி நின்று கிளம்பும், அதுவும் தேய்மானமே.

அளப்பதற்குக் கருவி வாங்க வேண்டியதில்லை. வீட்டு மின்மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று மீட்டரிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட வினாடிகளால் 1125-ஐ வகுத்தால் வாட் கிடைக்கும். குளிர்பதனப்பெட்டி உட்பட மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். 75 வினாடிக்கு ஒரு துடிப்பு என்றால் 15 வாட். 16 வினாடிக்கு ஒன்று என்றால் ஏறக்குறைய 70 வாட். ரவுட்டர் ஓட வேண்டியிருந்தால் பெட்டியோடு ஒருமுறை, பெட்டி இல்லாமல் ஒருமுறை அளந்து கழித்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பு மாணவரும் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய செயல்பாடு இது. பெரியவர் ஒருவர் உடன் இருந்தால் போதும்.

ஓசை எங்கிருந்து வருகிறது?

நான்கு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, விசிறி. இரண்டு, வட்டைச் சுழற்றும் மோட்டார். மூன்று, எழுதும் முனை முன்னும் பின்னும் நகரும்போது எழும் ‘டிக் டிக்’. நான்கு, பெட்டியின் அதிர்வு அது இருக்கும் பரப்புக்குப் பரவுவது. இதில் நான்காவதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். வீட்டில் அதிகம் தொல்லை தருவது பெரும்பாலும் அதுதான். இரும்பு பீரோவின் தலையில் பெட்டியை வைத்தால் பீரோவே ஒலிப்பெட்டி ஆகிவிடும். கனமான மரப்பலகை மேல், அடியில் ஒரு ரப்பர் விரிப்போ பழைய மவுஸ் பேடோ போட்டு வைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

டெசிபெல் எண்களைப் படிப்பதில் கவனம் வேண்டும். அது மடக்கை அளவு. 20 டெசிபெல் ஓசையுள்ள வட்டு இரண்டைச் சேர்த்தால் 40 ஆகாது. 23 தான் ஆகும். ஆனால் 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கும். உறங்கும் அறைக்குள் தொடர் ஓசை 30 டெசிபெல்லைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதே வழிகாட்டுதல் வகுப்பறைப் பின்னணி ஓசைக்குச் சொல்லும் அளவு 35 டெசிபெல் என்பதும் நமக்குப் பயன்படும் செய்தி.

நாஸ் பெட்டிகளின் தரவுத்தாளில் 18, 20 டெசிபெல் என்று இருக்கும். அது பெரும்பாலும் 1 மீட்டர் தொலைவில், வட்டு சும்மா சுழலும்போது, குறிப்பிட்ட வகை வட்டுடன் அளந்தது. நாம் வேறு வட்டு போட்டால் எண் மாறும். வட்டுகளின் தரவுத்தாளில் சில நிறுவனங்கள் ‘பெல்’ என்ற அலகில் தருகின்றன. 2.3 பெல் என்றால் 23 டெசிபெல். ஆனால் அது ஒலித்திறன். பெட்டிக்குத் தருவது ஒலி அழுத்தம். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. வட்டை வட்டோடும், பெட்டியைப் பெட்டியோடும் ஒப்பிடுங்கள்.

விசிறியைப் பொறுத்தவரை பெரிய விட்டம் நல்லது. அதே அளவு காற்றைப் பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே தள்ளிவிடும். சிறியது வேகமாகச் சுழன்று கீச்சிடும். கியூநாப் நிறுவனத்தின் எச்.எஸ். வரிசை போல விசிறியே இல்லாத பெட்டிகளும் வந்திருக்கின்றன.

எந்த வட்டு?

தேவை 2 டெராபைட்டுக்குள் என்றால் எஸ்.எஸ்.டி. அதற்கு மேல் என்றால் ஹார்டு டிஸ்க். நிமிடத்துக்கு 5400 சுற்று உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். 7200 சுற்றுள்ளவை அதிக ஓசையும் சூடும் தரும். நாஸ் பயன்பாட்டுக்கென்று வரும் 4 டெராபைட் வட்டுகளில் 5400 சுற்று உள்ளவை எளிதாகக் கிடைக்கும். கொள்ளளவு 10 டெராபைட்டைத் தாண்டும்போது பெரும்பாலும் 7200 தான். பெரியதாக வாங்கினால் அமைதி போய்விடும் என்று நினைவில் வையுங்கள்.

இன்னொரு நுணுக்கம். ஹார்டு டிஸ்க்குகளில் சி.எம்.ஆர்., எஸ்.எம்.ஆர். என்று இரண்டு எழுதும் முறைகள் உண்டு. எஸ்.எம்.ஆர். என்பது ஓடு வேய்ந்த கூரை மாதிரி. ஒரு வரிசை ஓட்டின் விளிம்பு மேல் அடுத்த வரிசை படிந்திருக்கும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் மேலே உள்ளவற்றையும் எடுத்து அடுக்க வேண்டும். அதனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதும்போது மிக மெதுவாகிவிடும். வேலை முடியாமல் வட்டு நீண்ட நேரம் விழித்தே இருக்கும். நாஸ் வட்டுகள் என்று விற்கப்பட்ட சிலவற்றிலும் இந்த முறை இருந்தது 2020-இல் வெளிவந்து பெரும் சர்ச்சையானது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் சிவப்பு வரிசை வட்டுகளில் எவை எந்த முறை என்று பட்டியல் வெளியிட நேர்ந்தது. எனவே வாங்கும்போது ‘சி.எம்.ஆர். தானா?’ என்று கேட்டு, நிறுவனத்தின் தரவுத்தாளிலும் சரிபாருங்கள்.

பெட்டியை வாங்குவதா, நாமே அமைப்பதா?

நான்கு வழிகள் இருக்கின்றன. முதலாவது, ரவுட்டரிலேயே யு.எஸ்.பி. துளை இருந்தால் அதில் ஒரு எஸ்.எஸ்.டி.யைச் செருகிப் பகிர்வது. கூடுதல் மின்செலவு ஓரிரு வாட்தான்; ஓசை இல்லை. வசதிகள் குறைவு என்றாலும் தொடங்கிப் பார்க்க நல்ல வழி.

இரண்டாவது, ராஸ்பெரி பை போன்ற கைக்குள் அடங்கும் கணினி. எஸ்.எஸ்.டி.யோடு சேர்த்து 5 முதல் 8 வாட்டில் முடிந்துவிடும். லினக்ஸ் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

மூன்றாவது, பழைய மடிக்கணினி. 2011 முதல் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் ஓரமாகக் கிடக்கின்றன. திரையை அணைத்து மூடி வைத்தால் வழக்கமாக 8 முதல் 15 வாட்டில் ஓடும். மின்கலம் நல்ல நிலையில் இருந்தால் மின்தடையையும் சமாளிக்கும். அவற்றில் வந்த பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. கட்டணமில்லாத ஓபன் மீடியா வால்ட் என்ற நாஸ் மென்பொருளும் டெபியன் அடிப்படையில் அமைந்ததே. எனவே பாஸ் லினக்ஸ் பழகியவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. ஒரு எச்சரிக்கை: மின்கலம் உப்பியிருந்தால் அந்தக் கணினியைப் பயன்படுத்தவே வேண்டாம். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

நான்காவது, ஆயத்தமாகக் கிடைக்கும் நாஸ் பெட்டி. விலை அதிகம். ஆனால் கைபேசிச் செயலி, தானாகப் படம் ஏற்றுதல், வட்டு உறக்கம் எல்லாம் தயாராக இருக்கும். வீட்டில் மற்றவர்களும் பயன்படுத்த வேண்டுமென்றால் இதுவே எளிது.

எந்த வழியானாலும் ரவுட்டரின் கேபிள் துளை ‘கிகாபிட்’ தானா என்று பாருங்கள். விலை மலிந்த ரவுட்டர்களில் 100 மெகாபிட் துளைகள்தான் இருக்கும். வினாடிக்கு அதிகபட்சம் 12.5 எம்.பி. தான் போகும். 100 ஜி.பி.யை நகர்த்த இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். கிகாபிட் என்றால் கால் மணி நேரத்தில் முடியும். வேலை சீக்கிரம் முடிந்தால் பெட்டியும் சீக்கிரம் உறங்கும்.

இரண்டு வட்டு இருந்தால் பாதுகாப்பா?

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘ரெய்டு’ என்ற முறையில் இரண்டு வட்டுகளில் ஒரே சமயத்தில் ஒரே தகவல் எழுதப்படும். ஒன்று கெட்டாலும் மற்றது ஓடும். 1988-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய முறை இது. வட்டுகள் கெடுவது உண்மை. கூகுள் நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தன் வட்டுகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், முதலாண்டு வட்டுகளில் ஆண்டுக்கு 1.7 சதவீதமும், மூன்றாண்டு ஆனவற்றில் 8.6 சதவீதத்துக்கு மேலும் பழுதானதாகச் சொல்லியிருக்கிறது.

ஆனால் வீட்டில் கோப்புகள் அழிவதற்கு வட்டுப் பழுது ஒன்று மட்டும் காரணமில்லை. கை தவறி அழித்தால் இரண்டு வட்டிலும் அழியும். இடி மின்னல் தாக்கினால் இரண்டும் போகும். வெள்ளம் வந்தால் பெட்டியோடு போகும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடியிலும் தரைத்தள வீடுகள் எப்படி இருந்தன என்பதை நாம் மறக்கவில்லை.

எனவே என் பரிந்துரை இது. இரண்டு வட்டு வாங்கப் பணம் இருந்தால் இரண்டையும் ஒரே பெட்டியில் போட வேண்டாம். ஒன்று பெட்டியில் ஓடட்டும். மற்றொன்று வெளிப்புற வட்டாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை இணைத்துப் பிரதி எடுத்து, கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். அண்ணன் வீடோ, தங்கை வீடோ, உங்களுக்கு நம்பகமான எந்த இடமோ. இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஓடுவது ஒரே வட்டு என்பதால் மின்செலவும் குறைகிறது, ஓசையிலும் 3 டெசிபெல் குறைகிறது. ஓய்வில் இருக்கும் பிரதி மின்சாரமும் கேட்காது, சத்தமும் போடாது.

பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 என்ற விதியும் இதையே சொல்கிறது. மூன்று பிரதிகள்; இரண்டு வகைச் சாதனங்கள்; ஒன்றாவது வேறு இடத்தில். கைபேசி, பெட்டி, வெளியிலுள்ள வட்டு என்று மூன்றும் நமக்குச் சேர்ந்துவிடுகின்றன. வெளியில் வைக்கும் பிரதிக்கு எஸ்.எஸ்.டி.யைவிட ஹார்டு டிஸ்க் ஏற்றது. எஸ்.எஸ்.டி.யை மின்சாரமே கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைக்கக் கூடாது.

வைக்கும் இடமும் மின்தடையும்

நம் ஊர்க் கோடையில் சூடு ஒரு பெரிய கேள்வி. ஓசை கேட்காமல் இருக்கட்டும் என்று பெட்டியை மூடிய அலமாரிக்குள் வைப்பதும், தூசி படாமல் துணி போட்டு மூடுவதும் வேண்டாம். உள்ளே சூடு ஏற ஏற விசிறி வேகமெடுத்து ஓசை இன்னும் கூடும். காற்றோட்டமுள்ள, தரையிலிருந்து நான்கைந்து அடி உயரமான பலகையே சரியான இடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு சிதையலாம். இன்வெர்ட்டர் இருந்தால் அதை யு.பி.எஸ். நிலையில் வையுங்கள், இல்லையென்றால் ரவுட்டருக்கும் பெட்டிக்கும் சேர்த்து 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று போதும். இங்கேயும் சிக்கனமான பெட்டிக்கே ஆதாயம்: 10 வாட் பெட்டி அதே மின்கலத்தில் 70 வாட் கணினியைவிடப் பல மடங்கு நேரம் தாங்கும்.

பூட்டும் சாவியும்

இணையத்திலிருந்து நேரடியாக இந்தப் பெட்டியை எட்டும்படி வைக்காதீர்கள். 2014-இல் சினோலாக்கர், 2021-இல் கியூலாக்கர், 2022-இல் டெட்போல்ட் என்ற பிணைப்பணத் தாக்குதல்கள் உலகம் முழுவதும் இத்தகைய வீட்டுப் பெட்டிகளைத்தான் குறிவைத்தன. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். வீட்டு வைஃபைக்குள் மட்டும் பயன்படுத்துங்கள். வெளியிலிருந்து கட்டாயம் வேண்டுமென்றால் வி.பி.என். வழியாக மட்டும். மென்பொருள் புதுப்பிப்புகளைத் தள்ளிப் போடாதீர்கள். ‘அட்மின்’ என்ற இயல்பான பயனர் பெயரை முடக்கிவிட்டு வேறு பெயர் வையுங்கள்.

கடைசியாக, ஆசிரியர் என்ற முறையில் நமக்கு மட்டுமே உள்ள ஒரு பொறுப்பு. நாம் எடுக்கும் படங்களிலும் காணொளிகளிலும் இருப்பவர்கள் பிறர் வீட்டுப் பிள்ளைகள். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. வீட்டு உபயோகத்துக்கான தகவல்களுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. பணி நிமித்தம் நம்மிடம் வந்த மாணவர் தகவல் அந்த விலக்குக்குள் வராது என்று கொள்வதே பாதுகாப்பு. ஆகவே எமிஸ் விவரங்கள், ஆதார் நகல்கள், மதிப்பெண் பட்டியல்கள், மருத்துவச் சான்றுகள் ஆகியவை நம் வீட்டுப் பெட்டிக்குள் வரக் கூடாது. அவற்றின் இடம் பள்ளியும் துறையின் தளமும்தான். கைபேசிப் படங்கள் எல்லாம் தானாக ஏறும்படி அமைக்கும்போது, வாட்ஸ்அப்பில் பள்ளி வேலைக்காக வந்த சான்றிதழ்ப் படங்களும் சேர்ந்து ஏறிவிடும். அந்தக் கோப்புறையை விலக்கி வையுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு கணக்கில் நுழையட்டும்; நம் பணிக் கோப்புறைக்குத் தனிக் கடவுச்சொல் இருக்கட்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

ஒன்று, என்னிடம் உண்மையில் எத்தனை ஜி.பி. இருக்கிறது?
இரண்டு, எஸ்.எஸ்.டி.யே போதுமா?
மூன்று, வட்டு உறங்கும்போது பெட்டி எத்தனை வாட் எடுக்கிறது?
நான்கு, விசிறி எவ்வளவு பெரியது, அதன் வேகத்தைக் குறைக்க முடியுமா?
ஐந்து, ஹார்டு டிஸ்க் என்றால் 5400 சுற்றா, சி.எம்.ஆர். தானா?
ஆறு, பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுவனம் எத்தனை ஆண்டு தரும்?
ஏழு, வீட்டுக்கு வெளியே வைக்கப்போகும் பிரதிக்குப் பணம் ஒதுக்கிவிட்டேனா?

ஏழாவது கேள்விக்கு ‘இல்லை’ என்பது விடையானால் பெட்டியை இன்னும் மலிவாகப் பாருங்கள், பிரதியைக் கைவிடாதீர்கள். அமைத்து முடித்த பிறகு ஆண்டுக்கு இரு முறை, காலாண்டு விடுமுறையிலும் கோடை விடுமுறையிலும், ஏதாவது ஒரு பழைய கோப்பை அந்தப் பிரதியிலிருந்து திரும்ப எடுத்துப் பாருங்கள். திறந்து படிக்க முடிந்தால்தான் அது பிரதி. பத்து நிமிட வேலை இது. இந்த விடுமுறையிலேயே முதல் சோதனையைத் தொடங்கிவிடுங்கள்.